கொடுவா முள்ளும் கெளுத்தி முள்ளும்

கண்ணுசாமியின் கட்டைக்கு முன்னால் ஆள் நிற்கிறது என்றால், ரியாசுதீனின் கட்டையில் இடமில்லை என்று பொருள். அறந்தாங்கி மீன் மார்க்கெட்டில் இது எல்லோருக்கும் தெரியும். கண்ணுசாமிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இருவரும் மீன் வெட்டுகிறவர்கள். விற்பது வேறு ஆட்கள். கட்டுமாவடியிலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் விடியலில் வந்திறங்கும் மீனை ஜனங்கள் பேரம் பேசி வாங்கி, பையோடு கடைசி வரிசைக்கு வருவார்கள். அங்கே மரக்கட்டையும் கத்தியும் தண்ணீர்த் தொட்டியுமாக ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். செதில் சுரண்டி, குடல் எடுத்து, குழம்புக்கு ஒரு கனம், வறுவலுக்கு ஒரு கனம் என்று துண்டு போட்டுத் தர வேண்டும். அதுதான் வேலை.

கண்ணுசாமிக்கு வயது ஐம்பத்து நாலு. சொந்த ஊர் மணமேல்குடிப் பக்கம். அப்பா கடலுக்குப் போனவர். மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறி உட்கார்ந்தாலே குமட்டும். இருபத்திரண்டு வயதில் ஒரு கத்தியோடு அறந்தாங்கிக்கு வந்து கட்டை போட்டவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பி அழைத்துப்போவார்கள். 'கண்ணுசாமி வந்துட்டாரா' என்று கேட்டுவிட்டுத்தான் பெரிய மீனையே விலை பேசுவார்கள். இருபது வருஷத்துக்குமேல் அப்படி ஓடியது.

பிறகு ரியாசுதீன் வந்தான். கோட்டைப்பட்டினத்துக்காரன். சவூதியில் ஒரு பெரிய கடையில் பத்து வருஷம் மீன் வெட்டிவிட்டு, மஞ்சள் காமாலை வந்து ஈரல் கெட்டுப்போய் ஊர் திரும்பியவன். கண்ணுசாமியின் கட்டைக்குப் பக்கத்துக் கட்டை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தான். ஒரே மாதத்தில் வரிசை அவன் பக்கம் திரும்பிவிட்டது. பாறை மீனில் தோலை ஒரே இழுப்பில் காகிதம்போல உரிப்பான். நடுமுள்ளை முழுசாக எடுத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுப்பான். போனில் படம் அனுப்பினால் அதே மாதிரி வெட்டிக் கட்டி வைத்திருப்பான். டீச்சர்களும் பேங்க்காரர்களும் அவனைத்தான் தேடி வந்தார்கள்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் கண்ணுசாமிக்கு எளிதாக இருந்திருக்கும். அவனோ தன் முன்னால் கூட்டம் சேர்ந்தால், "அண்ணன்கிட்ட போங்கக்கா, அவுக வெட்டு என் வெட்ட விட நல்லாருக்கும்" என்று இந்தப் பக்கம் கை காட்டுவான். அப்படி வருகிறவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு இருக்கும். கண்ணுசாமி அந்தச் சலிப்பைப் பார்த்துக்கொண்டே மீனை வெட்டுவார். இவன் அனுப்பி நான் பிழைக்கிறேனா என்று உள்ளே எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது மனைவி சொர்ணவல்லியே மார்க்கெட்டுக்குப் போய்ச் சங்கரா வாங்கி, ரியாசுதீனிடம் வெட்டி வாங்கி வந்தாள். மத்தியானம் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அந்தத் தம்பி வெட்டுனா ஒரு முள்ளுகூடத் தட்டல பாருங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கண்ணுசாமி அன்றைக்குப் பாதிச் சோற்றில் கை கழுவினார். காய்ச்சல் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மாதங்களில், மார்க்கெட்டுக்குப் பண்ணைக் குட்டையிலிருந்து கொடுவா நிறைய வந்தது. அதில் ஒன்றைப் பிடித்துச் செதில் சுரண்டும்போது முதுகு முள் கண்ணுசாமியின் இடது கை நடுவிரலில் குத்தியது. வெட்டுகிறவனுக்கு முள் குத்துவது எழுதுகிறவனுக்கு மை படுவதுபோல. தொட்டித் தண்ணீரில் கையை அலசிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி எழுந்தது. வலி பெரிதாக இல்லை. அது சிவந்து, ஊதா நிறமாகி, சுண்டைக்காய் அளவுக்கு வந்து, நுனி உடைந்து கசிந்தது. மெடிக்கலில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பூசினால் இரண்டு நாள் அமுங்கும், பிறகு முன்னைவிடப் பெரிதாக வரும். ஒரு கிளினிக்கில் மரு என்று சுட்டுவிட்டார்கள். இன்னொரு இடத்தில் சேற்றுப்புண் என்றார்கள். மூன்றாவது டாக்டர் சர்க்கரை பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லையே என்று யோசித்து, ஐந்து நாளைக்கு ஊசி போட்டார்.

அந்த மூன்று டாக்டர்களும் கேட்டார்கள், என்ன வேலை என்று. கண்ணுசாமி டாக்டரிடம் போகும்போது குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டுதான் போவார். மீன் வெட்டுகிறேன் என்று சொல்ல வாய் வராது. "யாவாரம்" என்பார். அவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

ஆவணி வாக்கில் புறங்கையில் இரண்டாவது கட்டி வந்தது. அதற்கு மேலே மணிக்கட்டுக்கு அருகில் மூன்றாவது. பிறகு முழங்கையை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்ததுபோல நேர்கோட்டில். காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை. நடமாடிக்கொண்டிருக்கிற ஆளை யார் நோயாளி என்று நினைப்பார்கள்? ஆனால் மீன் வெட்டக் கொடுக்கிறவர்கள் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு அம்மாள் பையை நீட்டியவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதிலிருந்து கண்ணுசாமி கையில் துணி சுற்றி, அதன்மேல் உறை மாட்டி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துணி நாள் முழுக்க ஈரத்தில் ஊறிக் கிடந்தது.

சொர்ணவல்லி இரண்டு முறை சொன்னாள். "புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கித்தான் ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்."

"போறேன் போறேன்" என்பார். ஒரு நாள் கட்டைக்குப் போகாவிட்டால், இருக்கிற நாலு வாடிக்கையும் பக்கத்துக் கட்டைக்கு நிரந்தரமாகப் போய்விடும் என்ற பயம் அவரை நகரவிடவில்லை.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் கவிச்சி தொடாத ஜனம் அத்தனையும் மார்க்கெட்டுக்குள் நின்றது. ரியாசுதீன் முன்னால் வரிசை இறால் கடைவரை போயிருந்தது. கூட்டத்தில் யாரோ இடித்து, ஒரு கூடைக் கெளுத்தி சரிந்து அவன் காலில் கொட்டியது. அவன் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தான். ஒரு கெளுத்தியின் பக்கமுள் கணுக்காலுக்கு மேலே ஆழமாக இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கி எறிந்தான். தொட்டித் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றினான். மறுபடி கத்தியை எடுத்தான்.

கண்ணுசாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் மனதில் முதலில் வந்தது, வரிசை இனி இந்தப் பக்கம் வரும் என்பது. வரவில்லை. அவன் வலியோடு வெட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

மத்தியானம் கடை கழுவும்போது ரியாசுதீன் நொண்டினான். உதடு நடுங்கியது. "குளுருதுண்ணே" என்றான். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"போயி மாத்திரை போட்டுப் படு" என்றார் கண்ணுசாமி. அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சேதி வந்தது. சாயங்காலத்துக்குள் கால் முழங்கால்வரை வீங்கிவிட்டதாம். தோல் கருநீலமாகி, ரத்தத் தண்ணீர் கோத்த கொப்புளங்கள் எழும்பிவிட்டதாம். நினைவு தப்பி, ரத்த அழுத்தம் இறங்கி, ஆம்புலன்சில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய், அன்றைக்கே காலைக் கிழித்து அழுகின சதையை எடுத்துவிட்டார்களாம்.

அந்தத் திங்கள் கிழமையிலிருந்து ரியாசுதீனின் வரிசை முழுக்கக் கண்ணுசாமி முன்னால் நின்றது. எட்டு வருஷமாக அவர் ஏங்கிய வரிசை. ஆனால் பையை நீட்டிய ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "ரியாசு எப்படி இருக்கு?" என்றுதான். ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இவரிடம் பாறை மீனைக் கொடுத்தார். "அந்தத் தம்பி வெட்டுற மாதிரி வெட்டித் தருவீங்களா?" என்றும் கேட்டார். மார்க்கெட்டே ஒரு வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. கண்ணுசாமி வேனில் ஏறவில்லை. வீட்டுக்குப் போனால் சொர்ணவல்லி பிள்ளையாருக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"யாருக்கு?"

"ரியாசு தம்பிக்குத்தான். சின்ன வயசு. பொண்டாட்டி மிஸ்பா புள்ளையள வச்சுக்கிட்டு என்ன பாடு படுதோ."

கண்ணுசாமி சட்டையைக் கழற்றினார். துணியை அவிழ்த்தார். கட்டி கட்டியாக எழுந்து நின்ற கையைப் பார்த்தபடி, "இந்தக் கைக்கு ஒரு விளக்குப் போடணும்னு ஒனக்குத் தோணல" என்றார்.

"நீங்க நல்லாத்தானங்க இருக்கீங்க" என்றாள் சொர்ணவல்லி.

அந்த வார்த்தை அவரைப் பல நாள் தின்றது. நோயிலும் அவன் முந்திக்கொண்டான். இவருக்கு ஐந்து மாதமாக இருக்கிறது, ஊரில் ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. அவனுக்கு ஒரே நாளில் வந்து, ஒரே நாளில் ஊரே தலைமாட்டில் நிற்கிறது.

ஒன்பதாம் நாள், போகாமல் இருந்தால் பேச்சாகிவிடும் என்று சொர்ணவல்லி சொன்னதால், கண்ணுசாமி புதுக்கோட்டை பஸ் ஏறினார். ஆப்பிள் வாங்கலாமா சாத்துக்குடி வாங்கலாமா என்று பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்று, மற்றவர்கள் ஆப்பிள்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்து மாதுளை வாங்கிக்கொண்டார்.

வார்டில் ரியாசுதீன் பாதியாக இருந்தான். வலது கால் முழுக்கக் கட்டு. தலைமாட்டில் அவன் அம்மா சாரா உம்மாள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மிஸ்பா எழுந்து, "வாங்கண்ணே" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

சாரா உம்மாள் அழுதுகொண்டும் கொஞ்சம் பெருமையோடும் சொன்னார். "கொண்டாந்து எறக்குனதும் நான் என்ன சொன்னேன்னா, தம்பி, எம்புள்ள மீனு வெட்டுறவன், கெளுத்தி முள்ளு குத்திப் பன்னெண்டு மணி நேரந்தான் ஆச்சு, ஈரல் வேற கெட்டவன்னு சொன்னேன். அதக் கேட்டதும் ஓடுனாங்க பாரு. ஆத்தா, நீங்க சொன்னதாலதான் எந்த மருந்துன்னு ஒடனே தெரிஞ்சுச்சுன்னு பெரிய டாக்டரே சொன்னாரு. மூணு டாக்டரு, தம்பி. காலையில மூணு பேரு, சாயங்காலம் மூணு பேரு."

கண்ணுசாமி எண்ணிப் பார்த்தார். இவருக்கும் மூன்று டாக்டர்தான். ஆனால் மூன்று பேரும் ஒரே நாளில் ஓடிவரவில்லை.

அந்த நேரத்தில் தோல் டாக்டர் மணிமேகலை நாலு மாணவர்களோடு வந்தார். காலின் கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப் போவதைப் பற்றி மாணவர்களிடம் சொன்னார். பிறகு எளிய தமிழில் எல்லோருக்கும் கேட்கப் பேசினார்.

"கடல் தண்ணியில இயற்கையாவே இருக்குற கிருமி இது. விப்ரியோன்னு பேரு. நல்லா இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. ஈரல் கெட்டவங்க, சர்க்கரை இருக்கறவங்களுக்குப் புண்ணு வழியா உள்ள போனா மணிக்கணக்குல பரவும். காத்திருந்து பாக்கலாம்ங்கிற பேச்சே கெடையாது. ரெண்டு மருந்த ஒண்ணா ஆரம்பிச்சு, அழுகுனத ஒடனே எடுத்துடணும். இவருக்கு ஒரு நாள் தள்ளியிருந்தா கால் போயிருக்கும். உயிரும் போயிருக்கலாம்."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். டாக்டர் ரியாசுதீனிடம் குனிந்து, "எந்தெந்த மீன்ல முள்ளு இப்படிக் குத்தும், சொல்லுங்க. இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

ரியாசுதீன் பலவீனமான குரலில் சொன்னான். "கெளுத்திதான் மொதல்ல. அப்பறம் திருக்கை வாலு. இறால் தலைக்கொம்பு. கொடுவால்லாம் அவ்வளவாக் குத்தாது மேடம்."

கண்ணுசாமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பக்கத்தில் முப்பது வருஷத்துக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவனோ தப்பாகச் சொல்கிறான், மாணவர்கள் அந்தத் தப்பையும் எழுதிக்கொள்கிறார்கள்.

"கொடுவா குத்தாதுன்னு யாரு சொன்னது?" என்று எழுந்தார். "சவூதில தோலுரிச்சு வந்த மீன வெட்டுனவனுக்கு என்ன தெரியும்? கொடுவா முதுகுமுள்ளு குத்துனா என்ன ஆகும்னு நான் காட்டுறேன்." சட்டைக் கையை மேலே தள்ளி, துணியைப் பரபரவென்று அவிழ்த்து, இடது கையை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மிஸ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் மணிமேகலை மட்டும் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நடுவிரலிலிருந்து முழங்கைவரை விரலால் அந்த வரிசையைத் தொட்டுக்கொண்டே போனார்.

"எத்தன மாசமா இருக்கு?"

"அஞ்சு முடிஞ்சு ஆறு."

"யார்கிட்டயும் காட்டலியா?"

"மூணு பேருகிட்ட காட்டுனேன்."

"மீன் வெட்டுறவர்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

கண்ணுசாமி அவிழ்த்த துணியைச் சுருட்டத் தொடங்கினார். சாரா உம்மாள் விசிறியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க" என்று டாக்டர் மாணவர்களைக் கூப்பிட்டார். நாலு பேரும் ரியாசுதீனின் கட்டிலை விட்டு நகர்ந்து கண்ணுசாமியைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரத்தில், வெட்கத்துக்கு நடுவிலும், கண்ணுசாமிக்குள் ஒரு திருப்தி ஓடியதை மறைப்பதற்கில்லை.

அன்றைக்கே கட்டியிலிருந்து துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "முடிவு வர ஆறு வாரம் ஆகலாம்" என்றார் டாக்டர்.

"அவனுக்கு ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சீங்களாமே" என்று கண்ணுசாமி உடனே கேட்டார்.

டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். "அவருக்கு வந்தது ஒரு ராத்திரியில பெருகுற கிருமி. ஒங்களுக்கு வந்திருக்கிறது காசநோய்க் கிருமியோட பங்காளின்னு நெனக்கிறேன். தண்ணியிலயும் மீன்லயும் இருக்கும். ரொம்ப மெதுவா வளரும். ஒடம்போட சூடு அதுக்கு ஆகாது, அதான் நெஞ்சுக்குப் போகாம வெரல், கைன்னு குளுந்த எடமாப் பாத்துத் தங்குது. மெடிக்கல்ல வாங்கிப் பூசுனேன்னு சொன்னீங்கள்ல, அந்தக் களிம்பு ஒடம்போட எதிர்ப்பக் கொறச்சு அதுக்கு ஒத்தாசையாப் போச்சு."

"தொட்டா ஒட்டுமா?"

"ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வராது. வீட்ல பயப்பட வேணாம். ஆனா புண்ணு ஆறுற வரைக்கும் மீன் தண்ணில கைய வைக்கக்கூடாது."

பரிசோதனை முடிவு அவர் சொன்னபடியே வந்தது. அதற்கு முன்பே, சதையைப் பார்த்த அளவிலேயே மாத்திரை தொடங்கிவிட்டார்கள். இரண்டு விதம், தினமும். கட்டி முழுக்க மறைந்த பிறகும் இரண்டு மாதம் நிறுத்தக்கூடாது. மொத்தம் ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அதில் ஒரு மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்று மாதாமாதம் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். கண்ணுசாமி மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. ஆனால் ரியாசுதீன் மூன்று வாரத்தில் மருந்து முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று, மாத்திரை அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அதுலயும் அவனுக்குச் சுருக்கா முடிஞ்சிருச்சு" என்று சொர்ணவல்லியிடம் சொன்னார்.

"அவருக்குக் கால்ல பாதிச் சதையக் காணோமாம். அந்தச் சுருக்கு ஒங்களுக்கு வேணுமா?" என்றாள் அவள். அவர் மாத்திரையைப் பிரித்துப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

வேலைக்குப் போக முடியாத அந்த நாட்களில் அவர் மார்க்கெட் வாசலில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு கட்டைகளும் காலியாகக் கிடந்தன. ஜனங்கள் மற்ற ஐந்து பேரிடம் வெட்டிக்கொண்டு போனார்கள். யாரும் பட்டினி கிடந்ததாகத் தெரியவில்லை. இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு நாள் ரியாசுதீன் கைத்தடியோடு டீக்கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தான். ஒரு டீ வாங்கிக் குடித்தான். பிறகு, "கையக் காட்டுங்கண்ணே" என்றான்.

கட்டிகள் வற்றி, தழும்புகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"இத நான் ஆவணி மாசமே பாத்தேன்" என்றான் ரியாசுதீன். "நீங்க துணி மாத்தும்போது. சவூதில எங்கூட வேல பாத்த ஒரு மலையாளிக்கி இதே மாதிரி வந்துச்சு. இதே மாதிரி வரிசையா. இது மீனால வர்றதுன்னு எனக்குத் தெரியும்."

கண்ணுசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?"

"சொல்ல வந்தேன். ரெண்டு தடவ வந்தேன். நீங்க என் மொகத்தப் பாத்தாலே கைய மடிக்குள்ள இழுத்துக்குவீக. இவன் நம்ம வாடிக்கையக் கெடுக்க ஏதோ சொல்றான்னு நெனப்பீகளோன்னு விட்டுட்டேன். தப்புத்தான்."

கண்ணுசாமிக்குக் கோபம் வந்தது. இரண்டு மாத வேதனையை ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாமே என்று கத்த வாயெடுத்தார். ஆவணியில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். நிச்சயம் அவனைத் திட்டியிருப்பார். அவன் சொன்னான் என்பதற்காகவே புதுக்கோட்டைக்குப் போகாமல் இருந்திருப்பார். டம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்தார்.

"ஒன் காலு?" என்று கேட்டார். அவனிடம் அவராகக் கேட்ட முதல் விசாரிப்பு அது.

"விரல் ரெண்டு மடங்கல. கீழ குந்தி வெட்ட முடியாது. உசரமா ஒரு ஸ்டூல் பண்ணித் தர்றேன்னு ஆசாரி சொல்லிருக்காரு."

பங்குனியில் இருவரும் கட்டைக்குத் திரும்பினார்கள். முட்டிவரை பூட்ஸ், தடித்த கையுறை, பக்கத்தில் சோப்பும் குழாய்த் தண்ணீரும். வரிசை மறுபடி ரியாசுதீன் பக்கமே சேர்ந்தது. கண்ணுசாமிக்கு மறுபடி எரிந்தது. மருந்து கிருமிக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

அந்த மாதமே டாக்டர் மணிமேகலை மார்க்கெட்டுக்கு வந்து பேசினார். முள் குத்தினால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும், வீக்கமும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஆறாத கட்டி இருந்தால் என்ன வேலை செய்கிறோம் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்றார். பிறகு இருவரையும் பேசச் சொன்னார். ரியாசுதீன் கால்சட்டையை மடித்துக் காலைக் காட்டி நடந்ததைச் சொன்னான். பெண்கள் அழுதார்கள், கடைசியில் கை தட்டினார்கள். அடுத்துக் கண்ணுசாமி எழுந்தார். "எனக்கும் வந்துச்சு. ஆனா மெதுவா வந்துச்சு" என்றதோடு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் தட்டினார்கள், மரியாதைக்கு.

கூட்டம் கலைந்த பிறகு, இறால் உரிக்கும் செல்வராணி அவருடைய கட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். ஆள்காட்டி விரல் முட்டியில் ஊதா நிறத்தில் ஒரு கட்டி. புறங்கையில் இன்னொன்று எழும்பத் தொடங்கியிருந்தது.

"நாலு மாசமா இருக்குண்ணே. தண்ணிப்புண்ணுன்னு விட்டுட்டேன். நீங்க மெதுவா வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அதான்."

கண்ணுசாமி கையுறையைக் கழற்றினார். "களிம்பு கிளிம்பு ஏதாச்சும் பூசுனியா?"

"மெடிக்கல்ல குடுத்தாங்க."

"இன்னியோட அத நிறுத்து. நாளைக்கிக் காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துரு. நான் கூட்டிப்போறேன்."

"ஒங்களுக்கு வேலை கெடுமேண்ணே."

"கெடட்டும்."

மறுநாள் பஸ்ஸில் செல்வராணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பயம் அவள் பேச்சில் தெரிந்தது. ஆவுடையார்கோவில்காரி, இதுவரை பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரி பக்கம் போனதில்லை. ஊசி போடுவாங்களா, அறுப்பாங்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண்ணுசாமி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். துணுக்குச் சதை எடுக்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்கள், எறும்பு கடித்ததுபோல இருக்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் வயிறு புரட்டாது. நிறம் பார்க்கச் சொல்லும்போது தயங்காமல் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற டவுன் பஸ்ஸுக்கு மாறும்போது அவள் கேட்டாள். "ரியாசு தம்பியையும் கூட்டியாந்திருக்கலாம்ல? அவுகளுக்கு டாக்டரம்மாவ நல்லாத் தெரியும்னு சொன்னாங்களே."

பழைய முள் சுருக்கென்று குத்தியது. கண்ணுசாமி பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அவனுக்கு வந்தது வேற" என்றார். "அது கெளுத்தி முள்ளு, ஒரு நாள்ல முடியிற காரியம். ஒனக்கு வந்திருக்கிறது எனக்கு வந்தது. இதப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னையக் கேளு."

அவன் ஆவணியிலேயே கண்டுபிடித்தவன் என்பது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லவில்லை. பஸ் வந்தது, செல்வராணியை முன்னால் ஏறவிட்டு, பின்னால் ஏறி, கண்டக்டரிடம் இரண்டு பேருக்கும் டிக்கெட் கேட்டார்.